வெலிங்டனில் 1893-ஆம் ஆண்டுக்குள் ஒரு நடை: போகலாமா, வேண்டாமா?

போகலாம். காசு கொடுத்தே போகலாம். வெலிங்டனுக்கு வருகிறவர்கள் கேபிள் கார், தே பாப்பா அருங்காட்சியகம், துறைமுகம் எல்லாம் பார்த்த பிறகு அரை நாள் மிச்சமிருந்தால், நாடாளுமன்றத்தைச் சுற்றி நடக்கும் இந்த வழிகாட்டி நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். நியூசிலாந்தின் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டை, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1893-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்ச் சொல்கிறார்கள். ஆளுக்கு 45 டாலர். பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்.

இதை ஒரே ஒரு பெண்மணிதான் தனியாக நடத்துகிறார். அவரிடம் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு, அவற்றையும் எழுதப்போகிறேன். அதனால் அவருடைய பெயரை இங்கே போடவில்லை. அவர் கூட்டிப்போகும் இடங்கள் எல்லாமே பொது இடங்கள், ஒன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வழியை வரிசையாகவே எழுதுகிறேன். தனியாக நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் உதவும்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்குப் பணி ஆணை வரும், தெரியும்தானே. வாக்காளர் பட்டியல், வாக்களிக்க வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேடு, கையெழுத்து போடத் தெரியாதவர்களுக்குக் கைரேகை, விரல் மை என்று பூத்துக்குள் உட்கார்ந்த அனுபவம் நிறைய உண்டு. இப்போது மகள் வீட்டில், வெலிங்டனுக்குப் பக்கத்தில் பெட்டோனியில் இருக்கிறேன். மாப்பிள்ளைதான் இந்த நடைக்கு முன்பதிவு செய்து கொடுத்தார்.

நடை தொடங்குவது ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பழைய அரசு அலுவலகக் கட்டடத்தில். 1876-இல் கட்டியது. தள்ளி நின்று பார்த்தால் கல் கட்டடம் என்றுதான் நினைப்போம். கிட்டப் போய்த் தொட்டால் மரம்! உலகத்தின் மிகப் பெரிய மரக்கட்டடங்களில் ஒன்று. இப்போது பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அமைச்சரவை கூடியது அங்கேதான். 1893 ஏப்ரல் 27-ஆம் தேதி பிரதமர் ஜான் பாலன்ஸ் இறந்துபோனார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று சொன்னவர் அவர். அந்த நாற்காலிக்கு வந்த ரிச்சர்ட் செடனோ அதை விரும்பாதவர். செடன் ஒரு காலத்தில் தங்கச் சுரங்க ஊரான குமாராவில் மதுக்கடை வைத்திருந்தார். வாக்குரிமை கேட்டு முன்னால் நின்ற பெண்களில் பெரும்பாலோர் மதுவிலக்குச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பெண்கள் வாக்குப் போட ஆரம்பித்தால் கடையை மூடவேண்டி வரும் என்று சாராய வியாபாரிகள் பயந்தார்கள். இந்த ஒரு முடிச்சு புரிந்துவிட்டால் மீதிக் கதை முழுக்க விளங்கிவிடும். வழிகாட்டி அம்மா இதை முதல் நிறுத்தத்திலேயே தெளிவாகப் போட்டுவிட்டார். ஆசிரியராக அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து நாடாளுமன்ற வளாகம். செடனுக்கு அங்கே பெரிய சிலை இருக்கிறது, பாலன்ஸ் சிலை நூலகத்துக்கு முன்னால். இங்கேதான் முதல் மனக்குறை. செடன் சிலைக்கு அடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டோம். அவருடைய உடம்பு, குரல், பட்டப்பெயர் என்று போய்க்கொண்டே இருந்தது. வெலிங்டன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கையில் மைக் இல்லாமல் இருபது பேருக்குப் பேசினார். பின்வரிசையில் நின்ற எங்களுக்குப் பாதி வார்த்தைகள் காற்றோடு போயின. சின்ன ஒலிபெருக்கி ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டால் போதும், இது தீர்ந்துவிடும்.

ஆனால் அதே இடத்தில் அவர் காட்டிய இன்னொன்றுக்காக அதை மன்னித்துவிட்டேன். இன்று தேன்கூடு போன்ற வட்டக் கட்டடம் நிற்கிறதே, 1893-இல் அந்த இடத்தில் ஆளுநர் மாளிகை இருந்தது. அன்றைய நாடாளுமன்றம் மரக்கட்டடம். 1907 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்துபோனது, நூலகம் மட்டும் தப்பியது. ஆகவே நாம் தேடிவந்த அந்த அவை, வாக்குரிமை கேட்டுப் பெண்கள் அனுப்பிய விண்ணப்பத்தை விரித்துக் காட்டிய அந்தத் தரை, இப்போது இல்லை. அவர் எங்களைப் புல்தரையில் நிறுத்தி, கையோடு கொண்டுவந்த பழைய புகைப்படத்தைக் காட்டி, கட்டடம் எந்தப் பக்கம் நின்றது என்று அடையாளம் காட்டினார். இல்லாத ஒன்றைக் காட்டுவதற்குத்தான் வழிகாட்டி வேண்டும். இருப்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தின் கதை இது. கிறைஸ்ட்சர்ச்சில் கேட் ஷெப்பர்ட் என்ற பெண்மணி. லிவர்பூலில் பிறந்து இங்கே குடியேறியவர், 1887-இலிருந்து மதுவிலக்குச் சங்கத்தில் வாக்குரிமைப் பிரிவைக் கவனித்தவர். 1891-இல் 9,000-க்கு மேல் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மேலவை மறுத்தது. 1892-இல் கிட்டத்தட்ட 20,000. மறுபடியும் நடக்கவில்லை. 1893-இல் 13 விண்ணப்பங்கள், மொத்தம் 31,872 கையெழுத்து. அந்த நாட்டில் வயதுவந்த ஐரோப்பியப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் போட்டிருக்கிறார்!

வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்துகள். டனீடனில் தையல் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஹாரியட் மோரிசன் வேலை செய்யும் பெண்களிடம் கொண்டுபோனார். ஊர் ஊராக வந்த தாள்களை ஷெப்பர்ட் ஒன்றோடொன்று ஒட்டினார். பெரிய விண்ணப்பத்தில் மட்டும் 546 தாள்கள், நீளம் 270 மீட்டருக்கு மேல். துடைப்பக் கட்டையில் சுற்றி வெலிங்டனுக்கு அனுப்பினார். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவையின் நடுப்பாதையில் உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் டொம்மென்று மோதியது.

எதிர்த்தரப்பும் முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பம் திரட்டியது என்பது எனக்குப் புதிய செய்தி. டனீடன் உறுப்பினர் ஹென்றி ஃபிஷ் ஆள் வைத்து மதுக்கடைகளில் கையெழுத்து வாங்கினார். அதில் பொய்க் கையெழுத்துகள் இருந்தது வெளியே வந்து அவருக்கே எதிராக முடிந்தது. கள்ள ஓட்டைப் பிடித்து எழுதிவைத்த அனுபவம் உள்ள எனக்கு இந்த இடத்தில் காது கூர்மையாகிவிட்டது. பெண்கள் கொண்டுவந்த தாள்கள் நின்றதற்கு எண்ணிக்கை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் முகவரி இருக்கிறது. யாரும் போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம். எதிரி சரிபார்க்க முடிகிற மாதிரிப் பட்டியல் தயாரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பட்டியல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மேலவையில் நடந்ததை வழிகாட்டி ஒரு நாடகமாகவே சொன்னார். மசோதா தோற்க செடனுக்கு ஒரு வாக்கு குறைந்தது. தன் கட்சிக்காரரான தாமஸ் கெல்லிக்குத் தந்தி கொடுத்து மாற்றிப் போட வைத்தார். இந்தத் தலையீடு தெரிந்ததும், அதுவரை பெண்கள் வாக்குரிமையை எதிர்த்த இரண்டு உறுப்பினர்கள், ரெனால்ட்ஸ், ஸ்டீவன்ஸ் என்று பெயர், கோபத்தில் ஆதரித்துப் போட்டுவிட்டார்கள். 1893 செப்டம்பர் 8, 20-க்கு 18. பதினொரு நாள் கழித்து, 19-ஆம் தேதி ஆளுநர் கிளாஸ்கோ பிரபு கையெழுத்திட்டார். தன்னாட்சி நடத்தும் நாடுகளில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை தந்த முதல் நாடு ஆனது நியூசிலாந்து. ஆதரித்த உறுப்பினர்கள் சட்டையில் வெள்ளைக் கமேலியா பூவும், எதிர்த்தவர்கள் சிவப்புக் கமேலியாவும் குத்தியிருந்தார்களாம். இங்கத்துப் பத்து டாலர் நோட்டில் ஷெப்பர்டின் படத்தோடு வெள்ளைக் கமேலியாவும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

இந்த இரண்டு வாக்குக் கதையைக் கேட்ட கூட்டத்தில் ஒருவர், அப்படியானால் இது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்றார். வழிகாட்டி மறுத்த விதம் நன்றாக இருந்தது. வாக்கெடுப்பு அவ்வளவு நெருக்கமாக வந்து நிற்க ஆறேழு வருட வேலை தேவைப்பட்டது என்றார். நானும் அதையேதான் நினைத்தேன்.

அங்கிருந்து தெருவைக் கடந்தால் பாதசாரிகள் சிக்னலில் பச்சையாக எரியும் உருவம் கேட் ஷெப்பர்ட். நீளப் பாவாடை, தொப்பி. நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள சில சிக்னல்களில் 2014-இல் போட்டிருக்கிறார்கள். அவர் பெயரிலேயே ஒரு சின்னத் தெருவும் பக்கத்தில் உண்டு. படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அங்கே நிற்க ஒன்றுமில்லை.

நடையின் உச்சம் தேசிய நூலகம். மோல்ஸ்வொர்த் தெருவில், நாடாளுமன்றத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே ஹே டோஹு என்ற நிரந்தரக் கண்காட்சி 2017-இலிருந்து இருக்கிறது. நடுவில் ரிமு மரத்தால் வளைத்துக் கட்டிய ஓர் அறை. உள்ளே மூன்றே ஆவணங்கள்: இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தலைவர்கள் வெளியிட்ட 1835-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம், அவர்கள் பிரிட்டிஷ் அரசோடு செய்துகொண்ட 1840-ஆம் ஆண்டின் வைட்டாங்கி ஒப்பந்தம், 1893-ஆம் ஆண்டின் இந்த விண்ணப்பம். காகிதம் கெடாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் நில்லுங்கள், கண் பழகியதும் எழுத்து ஒவ்வொன்றாக மேலே வரும்.

பெரிய சுருள். அதில் ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கிறது. சுருளின் தடிமனைப் பார்த்தபோதுதான் 270 மீட்டர் என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது. ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி. சிலது பள்ளிக்கூடத்தில் பழக்கிய அழகான சாய்வு. சிலது பேனா பிடித்தே வெகுநாள் ஆனவர் போட்டது போலக் கோணல். பூத்தில் கையெழுத்துப் போட வரும் பெண்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, பேனாவை வாங்கி, ஒரு நொடி தயங்கி, அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்கள். எனக்கு அந்தக் கோணல் எழுத்துகளை விட்டு நகர மனமே வரவில்லை. வழிகாட்டி இங்கே பேச்சை நிறுத்திவிட்டு எங்களை எங்கள் போக்கில் விட்டார், அவசரப்படுத்தவே இல்லை. கொடுத்த 45 டாலருக்கு இந்த ஒரு நிறுத்தமே போதும் என்பேன்.

வெளியே வந்ததும் ஒரு தாளின் நகலை ஆளுக்கொன்று கொடுக்கிறார். மேலே அச்சிட்ட விண்ணப்ப வாசகம், கீழே பெயரும் முகவரியும். வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள் என்றார். நியூசிலாந்து அரசின் வரலாற்று இணையதளத்தில் இந்த விண்ணப்பத்தின் பெயர்களை ஊர்வாரியாகவும் பெயர்வாரியாகவும் தேடலாம், காசில்லை. நான் பெட்டோனி என்று போட்டுத் தேடினேன். நாம் தினமும் பால் வாங்கப் போகும் ஊரில் 1893-இல் யார் யார் இருந்தார்கள் என்று பெயர் பெயராக வந்தது. சிலருக்கு அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு. நடைக்கு வர முடியாதவர்கள் இதையாவது பாருங்கள்.

இனி என் பெரிய மனக்குறை. மெரி தே தை மங்ககாஹியா என்ற மாவோரிப் பெண்ணைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் சொன்னார்கள்! 1893 மே மாதம் ஹாக்ஸ் பே பகுதியின் வைபாட்டுவில் மாவோரி மக்கள் தங்களுக்கென நடத்திய நாடாளுமன்றத்தில் அவர் எழுந்து பேசினார். வெள்ளைக்காரப் பெண்கள் கேட்டது வாக்கு மட்டும். இவர் கேட்டது வாக்கோடு சேர்த்து உறுப்பினராக உட்காரும் உரிமையும். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? எங்களில் பல பெண்களுக்கு நிலம் இருக்கிறது, விதவைகள் தங்கள் நிலத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆண் தலைவர்கள் மகாராணியிடம் எத்தனையோ முறை முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை, ராணியும் பெண்தானே, பெண்கள் கேட்டால் ஒருவேளை கேட்பார் என்றார். எவ்வளவு கூர்மையான வாதம்! வயது இருபதுகளில் இருந்த பெண். செடன் சிலைக்கு அடியில் செலவழித்த நேரத்தில் பாதியை இவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். நடை முடிந்ததும் வழிகாட்டியிடம் நேரில் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் சட்டத்தில் மாவோரிப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது. ஆனால் தேர்தல் நடத்திய விதம் வேறு. மற்றவர்கள் முன்கூட்டியே பட்டியலில் பெயர் பதிந்து, நவம்பர் 28-ஆம் தேதி இரகசிய வாக்குச்சீட்டில் போட்டார்கள். மாவோரித் தொகுதிகளுக்கு டிசம்பர் 20. அங்கே வாக்காளர் பட்டியலே இல்லை. யாருக்கு வாக்கு என்பதை அதிகாரி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரகசிய வாக்கு அவர்களுக்கு வந்தது 1938-இல்தான். இதை நான் நடைக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாக்குச்சாவடியில் மறைப்புத் தட்டி சரியாக நிற்கிறதா என்று எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஊர்ப் பெரியவர்கள் சூழ நிற்க, நீ யாருக்குப் போடுகிறாய் என்று ஒரு பெண்ணை வாய்திறந்து சொல்லச் சொன்னால் அது எப்படி அவள் வாக்காகும்? அப்படியிருந்தும் அந்த முதல் தேர்தலில் சுமார் 4,000 மாவோரிப் பெண்கள் வந்து வாக்களித்தார்கள். இதை விட்டுவிட்டு 1893-ஐச் சொல்லவே கூடாது என்பது என் எண்ணம். அன்று வெளிநாட்டுப் பிரஜைகளுக்கு வாக்கில்லாமல் இருந்தது என்பதையும், 1881-இலிருந்தே இங்கே இறங்கும் சீனர்களிடம் 10 பவுண்டு தலைவரி வாங்கினார்கள் என்பதையும் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம்.

தேர்தல் நாளைச் சொன்ன பகுதி பிரமாதம். சட்டம் கையெழுத்தாகி வாக்குப்பதிவுக்கு இடையில் பத்தே வாரம். அதற்குள் 1,09,461 பெண்கள் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். 90,290 பேர் வந்து வாக்களித்தார்கள், அதாவது நூற்றுக்கு 82. ஆண்கள் வந்ததைவிட அதிகம். பெண்கள் வந்தால் சாவடியில் கலாட்டா நடக்கும், நாகரிகம் கெடும் என்று பயமுறுத்தியவர்கள் வாயடைத்துப் போனார்கள். கணினி இல்லாத காலத்தில் பத்து வாரத்தில் ஒரு லட்சம் புதுப் பெயர்களைப் பதிந்த எழுத்தர்களை நினைத்தால் என் மனம் நிறைகிறது. அவர்களைப் பற்றி எந்தச் சிலையும் கிடையாது.

மறுநாளே, நவம்பர் 29, ஆக்லாந்துக்குப் பக்கத்தில் ஒனஹங்கா நகருக்கு எலிசபெத் யேட்ஸ் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் பேரரசிலேயே முதல் பெண் மேயர். அவருக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று நான்கு உறுப்பினர்களும் நகர எழுத்தரும் ராஜினாமா செய்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட மட்டும் பெண்கள் 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் மெக்கோம்ஸ் வந்தது 1933-இல்.

மாப்பிள்ளைக்கு ரக்பி பைத்தியம். அவருக்காகவே ஒரு துணுக்கு கிடைத்தது: கறுப்புச் சட்டையில் வெள்ளிப் பெரணி இலை என்ற அணிச் சின்னத்தை டாம் எலிசன் முன்மொழிந்ததும் அதே 1893-இல்தான். வழிகாட்டி இதை ஒரு வாக்கியத்தில் சொல்லித் தாண்டினார். அது சரியான அளவு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காற்றுக்குக் கழுத்துவரை மூடும் கோட்டு வேண்டும், குடை பிரயோஜனமில்லை. சேலையில் போனாலும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம், பாதை பெரும்பாலும் சமதளம், நூலகத்துக்குள் உட்கார இடம் உண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நாடாளுமன்ற நிறுத்தம் நீளமாகத் தெரியும். ஆங்கிலம் வேகமாக இருக்கும், காது பழகாத பெரியவர்களைக் கூட்டிப்போனால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே போக ஓர் ஆள் வேண்டும். முடிந்தால் செப்டம்பர் 19-ஐ ஒட்டி வாருங்கள், அது இங்கே வாக்குரிமை நாள். கமேலியாவும் அப்போது பூத்திருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மைக் வாங்கி, மெரி மங்ககாஹியாவுக்கு ஒரு முழு நிறுத்தம் ஒதுக்கினால் ஐந்தாவதையும் தந்துவிடுகிறேன்.